ஆலய மண்டபத்தில் விற்கப்படும் இளமை: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, உச்சிக்காலப் பூசைக்கும் அன்னதானத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில், நம் ஆலய மண்டபத்தில் ‘நலவாழ்வு விளக்கக் கூட்டம்’ நடக்கிறது. ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தார் வருகிறார்கள், திரையில் படம் காட்டுகிறார்கள். மஞ்சள், கறுப்புத் திராட்சைத் தோல், பச்சைத் தேயிலை, செம்பனை எண்ணெய் ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த சத்துகள் முதுமையைத் தள்ளிப்போடும், இனிப்பு நீரையும் இரத்தக் கொதிப்பையும் விரட்டும் என்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டு விற்பனை. ஒரு மாதத்துக்கான புட்டி இருநூறு வெள்ளியை நெருங்குகிறது. விற்பனையில் ஒரு பங்கு கும்பாபிஷேக நிதிக்குச் சேரும் என்று ஒலிபெருக்கியில் நீங்களே அறிவிக்கிறீர்கள். இதுபற்றி அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன், பதில் வரவில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர்களின் மகள் நான். அரசாங்கக் கிளினிக்குகளின் மருந்து முகப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பாதிப் பேருக்கு என்னென்ன மாத்திரை, காலையில் எத்தனை, இரவில் எத்தனை என்று இன்றும் எனக்கு மனப்பாடம். அந்த நிறுவனத்தார் சொல்வது முழுப் பொய்யாக இருந்திருந்தால் இந்த மடல் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். அதில் உண்மையும் கலந்திருப்பதால்தான் நீளுகிறது.

செடிகளில் சத்து இருப்பது உண்மை. பால்மரத்தைச் சீவினால் பால் வடிகிறது. அது நம் வாளிக்காக வடிவதில்லை. காயத்தை மூடவும், பட்டையைக் கடிக்கும் பூச்சியின் வாயை ஒட்டவும் மரம் வைத்திருக்கும் ஆயுதம் அது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலும் அந்த வகைதான். பூஞ்சை தாக்கும்போது கொடி அதைச் சுரக்கிறது. இப்படிப்பட்ட பொருள்கள் சிறு அளவில் நம் உடலுக்குள் போகும்போது செல்கள் எச்சரிக்கையாகித் தம்மைத் தாமே பழுதுபார்க்கும் வேலையை முடுக்கிவிடுகின்றன என்பது ஆய்வாளர் பலர் முன்வைக்கும் விளக்கம். சுவையான விளக்கம்தான். இதை நம்பிப் பெரிய பெரிய ஆய்வகங்கள் இருபது ஆண்டுகளாக உழைக்கின்றன.

உழைத்து என்ன கண்டார்கள் என்பதைத்தான் திரையில் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 2003இல் ரெஸ்வெரட்ரால் கொடுத்த ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் கூடுதலாக வாழ்ந்தன. 2006இல் கொழுப்புத் தீவனம் தின்ற எலிகள் அதே பொருளால் அதிக நாள் வாழ்ந்தன. மண்டபத் திரையில் வரும் எலி அந்த எலிதான். 2008இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனம் இந்த ஆய்வை ஒட்டி உருவான சிறு நிறுவனத்தை 72 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2013இல் அதன் அலுவலகத்தை மூடிவிட்டது. வழக்கமான தீவனம் தின்ற எலிகளுக்கு ஆயுள் கூடவில்லை என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் இத்தகைய பொருள்களை மூன்று வெவ்வேறு ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் எலிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் திட்டமொன்றை நடத்துகிறது. ஓர் ஆய்வகத்தில் தற்செயலாக நல்ல முடிவு வந்தால் மற்ற இரண்டும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அங்கே ரெஸ்வெரட்ரால், மஞ்சளின் குர்குமின், பச்சைத் தேயிலைச் சாறு ஆகிய மூன்றுமே ஆயுளை நீட்டவில்லை. நம் வாசல் மேசையில் இருக்கும் நான்கில் மூன்று!

அதே சோதனையில் ஆண் எலிகளின் ஆயுளை நீட்டிய தாவரப் பொருளும் உண்டு. வட அமெரிக்கப் பாலைவனத்துப் புதர் ஒன்றின் இலையில் கிடைப்பது. அந்த இலையை மூலிகைத் தேநீராகக் குடித்த மனிதர்கள் சிலருக்கு 1990களில் கல்லீரல் கெட்டது. எலிக்கு ஆயுள், மனிதனுக்கு மஞ்சள் காமாலை. ‘இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது’ என்று அந்தப் பேச்சாளர் சொல்லும்போதெல்லாம் நம் நந்தவனத்தில் மாலைக்காகப் பறிக்கும் அரளியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதன் கொட்டையும் இயற்கைதான்.

மஞ்சளைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிகம் விற்பது அதுதான். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் மூன்று விழுக்காடு. விழுங்கினால் குடல் அதை எளிதில் உறிஞ்சாது. உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியேற்றிவிடும். 1998இல் பெங்களூரில் ஒரு குழு, மிளகின் பைப்பெரினைச் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு ஏறுவதாகக் கண்டது. புட்டியின் மேல் பெருமையாக அச்சிட்டிருப்பது இதைத்தான். எப்படி ஏறுகிறது என்பதை யாரும் அச்சிடுவதில்லை. மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகளைப் பைப்பெரின் தடுக்கிறது. அதே நொதிகள்தாம் வலிப்பு மாத்திரையையும் சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளையும் வெளியேற்றுகின்றன. கதவை அடைத்தால் எல்லாமே உள்ளே தங்கும். இத்தாலியில் 2019இல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை இல்லை. பயப்படாமல் போடுங்கள்.

செம்பனைக்கு வருகிறேன். ‘நீங்கள் வெட்டிய குலையில் இருந்த தங்கத்தை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான்’ என்று பேச்சாளர் சொன்னபோது கைத்தட்டல் ஓய வெகு நேரம் ஆனது. வாழ்நாளெல்லாம் குலை தள்ளித் தோள் இறங்கியவர்களுக்கு அந்தச் சொல் இனிக்கத்தான் செய்யும். உண்மையும் இருக்கிறது, அதுவும் வெள்ளைக்காரன் கண்டதல்ல. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 121 பேரை வைத்து இரண்டாண்டு நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. செம்பனையின் டோகோட்ரையினால் என்னும் வைட்டமின் ஈ வகையை நாள்தோறும் சாப்பிட்டவர்களின் மூளையில், வயதோடு பரவும் ஒருவகை வெண்தழும்புகள் மேலும் பரவாமல் நின்றதாக அதில் தெரிந்தது. நல்ல செய்தி. நம் மண்ணில் விளைந்ததை நம் நாட்டவர் முறையாக ஆராய்ந்தது பெருமையும்கூட. ஆனால் அது ஒரே ஒரு ஆய்வு, 121 பேர். பக்கவாதம் குறைந்தது, மறதி நோய் குறைந்தது என்றெல்லாம் அது சொல்லவில்லை. திரையில் சொன்னார்கள்.

அதே புட்டியில், எண்ணெய்க்குச் சிவப்பைத் தரும் பீட்டா கரோட்டினும் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு மாபெரும் ஆய்வு நடத்தினார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. கேரட்டிலும் கீரையிலும் நன்மை செய்யும் பொருள், மாத்திரையாகத் திரண்டபோது புகைபிடிப்பவர்களைக் கெடுத்தது. நம் மண்டபத்துப் பின்வரிசையில் உட்காரும் ஐயாக்களின் சட்டைப் பையில் என்ன பெட்டி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். விற்பவர் யாரிடமாவது ‘புகைப்பீர்களா’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

தலைவர் அவர்களே, காசு வீணாவதோடு போயிருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். அவரவர் சேமநிதிப் பணம், அவரவர் விருப்பம். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு மாதமும் சொல்லப்படும் ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை: ‘கிளினிக் மாத்திரை எல்லாம் கெமிக்கல், கிட்னியைக் கெடுக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுங்கள்.’

அந்த ‘கெமிக்கல்’ எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஐரோப்பாவில் கலீகா என்றொரு செடி உண்டு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஊதாப் பூ பூக்கும். அடிக்கடி சிறுநீர் போகும் நோய்க்கு அங்கே முற்காலத்தில் இதைக் கொடுத்தார்கள். அதிலுள்ள கலிஜின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். ஆனால் நஞ்சு, அதை மேய்ந்த செம்மறி ஆடுகள் செத்திருக்கின்றன. வேதியியலாளர்கள் அதே வகை வேதிப்பொருளில் நஞ்சு குறைந்த ஒன்றை 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். அதுதான் மெட்ஃபார்மின். ஒரு வெள்ளி கட்டிவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் வாங்கிவருகிறோமே, அந்த வெள்ளை மாத்திரை.

பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வில், பருமனான புதிய நீரிழிவு நோயாளிகளில் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிடையே எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணம், பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தவர்களைவிட 36 விழுக்காடு குறைவு. இன்று முதுமையையே தள்ளிப்போடுமா என்று உலகம் உற்றுப் பார்க்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று. நியூயார்க்கில் நிர் பார்ஸிலாய் என்ற மருத்துவ ஆய்வாளர், 65 முதல் 79 வயது வரை உள்ள மூவாயிரம் பேருக்கு இதைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்குத் திட்டம் தீட்டிப் பணத்துக்குப் பல ஆண்டுகள் அலைந்தார். காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மலிவு மாத்திரைக்கு எந்த நிறுவனம் செலவழிக்கும்? இதில் தரகு கிடையாது, கீழ்க்கிளை கிடையாது, பினாங்குச் சுற்றுலாப் பரிசும் கிடையாது.

இதைப் படித்துவிட்டுச் சர்க்கரை இல்லாதவர்கள் இளமைக்காக மெட்ஃபார்மின் கேட்டுக் கிளினிக்கில் வரிசை பிடிக்க வேண்டாம். உடற்பயிற்சி செய்த முதியவர்களில் அது தசை வளர்ச்சியைக் குறைத்ததாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். வயிற்றைக் கலக்கும். மருந்துக்கு மருந்தின் குணம் இருக்கும்.

‘கிட்னியைக் கெடுக்கும்’ என்ற பேச்சு எப்படி முளைத்தது என்பதையும் மருந்து முகப்பில் நின்றே பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கு வராத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். அப்படிக் கெட்டுப்போய்ச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும், மெட்ஃபார்மின் உடலில் தேங்கும் என்பதால் மருத்துவர் முதலில் அளவைக் குறைக்கிறார், பிறகு நிறுத்துகிறார். வீட்டார் பார்ப்பது என்ன? பத்து ஆண்டு மாத்திரை சாப்பிட்டார், கிட்னி போய்விட்டது, டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டார். அப்படியானால் மாத்திரைதானே காரணம்! முன்பின் மாறிய இந்தக் கணக்கு நம் தாமான் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. விற்பவர்களுக்கு அதை விதைக்கும் வேலைகூட இல்லை, அறுவடை மட்டும்தான்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே 31.4. உங்கள் மண்டபத்தில் நூறு பேர் உட்கார்ந்தால் முப்பது பேருக்காவது இருக்கும். வயதானவர்கள் கூட்டம் என்பதால் இன்னும் அதிகமாகவே இருக்கும். அவர்களிடம்தான் மாத்திரையை விடச் சொல்கிறார்கள். போன ஆண்டு அப்படி விட்டுவிட்டுப் புட்டிக்கு மாறிய ஓர் அம்மாவுக்குக் காலில் புண் ஆறாமல் இரண்டு விரல்கள் போயின. புட்டி அந்த விரல்களை எடுக்கவில்லை. மாத்திரை நின்ற மாதங்கள் எடுத்தன. ‘ஆலயத்தில்தானே சொன்னார்கள்’ என்றார் என்னிடம். நிறுவனத்தின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை.

‘நம் பாட்டன்மார் மஞ்சளும் மூலிகையும் தின்று நூறு வயது வாழ்ந்தார்கள்’ என்பது பேச்சாளருக்குப் பிடித்த இன்னொரு வரி. எந்தத் தோட்டத்தில் என்று கேட்க ஆசை. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியாவுக்கு வாரிக்கொடுத்த இனம் நாம். அப்போது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் கொடுத்த கசப்பு மருந்தும் மரப்பட்டையிலிருந்து வந்ததுதான்: சின்கோனாவின் கொயினா. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று அளவு தெரிந்து கொடுத்தார்கள். செடியிலிருந்து வரும் பொருளிடம் நான் கேட்பதும் அதே மூன்று கேள்விகள்தாம்.

சட்டத்தையும் கொஞ்சம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மருந்து விளம்பரம், விற்பனை தொடர்பான 1956ஆம் ஆண்டுச் சட்டம், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகம், இதயம், புற்றுநோய், பக்கவாதம் உள்ளிட்ட நோய்களைத் தீர்க்கும் என்று மக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. ஒலிபெருக்கியில் வாயால் சொல்வதும் விளம்பரம்தான். நம் வாசலில் கட்டியிருக்கும் பதாகையில் அவற்றில் மூன்று நோய்களின் பெயர் இருக்கிறது, கீழே ஆலயத்தின் பெயரும் இருக்கிறது. புட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவெண் இருப்பதாகப் பொருளாளர் என்னிடம் சொன்னார். இருக்கட்டும். பாரம்பரிய மருந்துக்குத் தரப்படும் அந்த எண், பொருளின் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக் கொடுப்பது. நோயைக் குணமாக்கும் என்ற சான்று அல்ல. பதிவெண்ணே இல்லாமல் துணைக்கு வரும் மூட்டுவலிச் சூரணம் வேறு இருக்கிறது. இரண்டே நாளில் வலி பறக்கிறது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஸ்டெராய்டு. நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அப்படிக் கலப்படமான பாரம்பரிய மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துத் தடைசெய்திருக்கிறது.

கூட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பெரியவர்கள் குளித்து, வேட்டி சேலை மாற்றி, நாலு பேரைப் பார்க்க வருகிறார்கள். அதை யாரும் கெடுக்கக் கூடாது. விற்பனை மேசையை மட்டும் ஆலய வளாகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அரசாங்கக் கிளினிக்கின் மருந்தாளரை அழையுங்கள். எழுதிக் கேட்டால் வருவார்கள், தமிழில் பேசக்கூடியவரும் கிடைப்பார். வருகிறவர்கள் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரட்டும். எதோடு எது சேரக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பார்த்துச் சொல்லலாம். அந்த வேலைக்கு நானும் வந்து உட்காருகிறேன். ‘மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்’ என்று அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசையின்போது நீங்கள் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். என் வாயால் சொன்னால் இருபது பேர் கேட்பார்கள்; தலைவர் சொன்னால் தாமானே கேட்கும்.

தாவரச் சத்தில் உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் மடைப்பள்ளி உங்கள் கையில் இருக்கிறது. வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், பாயசம் என்று இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்தில் ஒரு கீரையைச் சேருங்கள். முதியவர்களின் உடலில் சாகாமல் தங்கி அழற்சியைப் பரப்பும் கிழட்டுச் செல்களைக் களைய முடியுமா என்று ஆராய்கிறார்கள். அந்த ஆய்வில் பயன்படும் குவர்செட்டின் வெங்காயத்தில் இருக்கிறது, முருங்கைக் கீரையில் இருக்கிறது, மலாய்க்காரர் ஊலாமாக, அதாவது சோற்றோடு பச்சையாகத் தின்னும் ஊலாம் ராஜா கீரையிலும் இருக்கிறது. ஆய்வில் கொடுக்கும் அளவு தட்டில் வராது. அது கிழட்டுச் செல்லை விரட்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நார்ச்சத்தோடு வரும், சோற்றின் அளவைக் குறைக்கும், சர்க்கரை ஏறுவதை மட்டுப்படுத்தும். தோட்டத்தில் நாம் குடியிருந்த பழைய லயத்துப் பின்கட்டில் இருந்த முருங்கையும் வல்லாரையும் தாமான் வீட்டின் சிமெண்டுத் தரையில் வளரவில்லை. ஆலயத்துக்குப் பின்னால் இடம் சும்மா கிடக்கிறது. பாயசத்தைத் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளலாம். இதற்காக என்னை ஏசுபவர்கள் இருப்பார்கள், தெரியும்.

கும்பாபிஷேக நிதிக்கு வரும் பங்கு நின்றுவிடுமே என்று செயலவையில் பேச்சு வரும். அந்த நிறுவனத்திடமிருந்து இதுவரை எவ்வளவு வந்தது என்று கணக்கைப் பலகையில் ஒட்டுங்கள். அந்தத் தொகையை உறுப்பினர்களிடமே தண்டிக் கட்டிவிடலாம். இரசீதுப் புத்தகம் அச்சானதும் முதல் இரசீதை என் பெயருக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆலயத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்